தூண் வைத்த கட்டட எமோஜி 🏛️ எதற்கு, எங்கே, எப்படி: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் தங்கை மகளுக்கு ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிச்சயதார்த்தம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்தான் செய்தி போட்டேன்: “ஞாயிறு காலை 10 மணி, மண்டபம் 🏛️, எல்லாரும் வந்துருங்க.” பரமக்குடியிலிருந்து பெரியப்பா அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். ராமநாதபுரத்தில் இறங்காமல் ராமேஸ்வரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்து மண்டபத்துக்குப் போய்விட்டார். பாம்பன் பாலத்துக்கு முன்னால் வருகிற ஊர் மண்டபம். அங்கே விசாரித்து, போன் போட்டு, திரும்பி வந்து சேர்வதற்குள் தட்டு மாற்றி முடிந்திருந்தது.

“ஏம்மா, மண்டபம்னுதானே போட்டிருந்த? தூணு படம் வேற இருந்துச்சு. பழைய மண்டபம் ஏதோ பக்கத்துல இருக்கும்போலனு தேடுனேன்” என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் விடுமுறை நாட்களில் பழைய இடங்களைப் பார்க்கப் போகும் ஒரு சிறு குழுவுக்கு அறிவிப்பு எழுதுகிறவள். இந்தப் படத்தை வாரம் இரண்டு முறையாவது போடுகிறேன். அதற்குப் பிறகுதான் அது என்ன, யார் வைத்தது, நம் ஊரில் எதற்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை முறையாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: படத்தை உற்றுப் பாருங்கள்

போனில் 🏛️ படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே படிக்கட்டு மாதிரி ஒரு மேடை. அதன் மேல் வரிசையாகத் தூண்கள். தூண்களின் தலையில் ஒரு நீண்ட உத்தரம். அதற்கு மேல் அகலமான முக்கோணம். தூண்களின் எண்ணிக்கையும் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். முக்கோணம் மட்டும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். இந்தப் படத்தின் அடையாளமே அந்த முக்கோண முகப்புதான்.

இது பழைய கிரேக்கக் கோயிலின் முகம். ஏதென்ஸ் நகரத்துக் குன்றின் மேல் நிற்கிற பார்த்தினான் கோயில் இதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம். கி.மு. 447இல் தொடங்கி 432இல் முடித்தார்கள். முன்பக்கம் 8 தூண்கள், பக்கவாட்டில் 17. ஏதீனா என்ற பெண் தெய்வத்துக்காகக் கட்டியது.

நம் கோயில் தூணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ராமேஸ்வரம் மூன்றாம் பிராகாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 1212 தூண்கள் என்பார்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் போதிகை நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் கூரை தட்டையாக ஓடும். முக்கோணத்துக்கு அங்கே வேலையே இல்லை. தூண் வரிசை என்ற ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்று என்று நினைத்தால் தவறிப்போவோம்.

இரண்டாம் படி: பெயரும் பிறப்பும்

இதன் அதிகாரபூர்வப் பெயர் கிளாசிக்கல் பில்டிங். தமிழில் ‘செவ்வியல் கட்டடம்’ எனலாம். நான் ‘தூண் வைத்த கட்டடம்’ என்றே சொல்கிறேன். சொன்னவுடன் எல்லாருக்கும் புரிகிறது.

எமோஜி காலத்துக்கு முந்தைய படம் இது. 1997இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வெப்டிங்ஸ் என்ற எழுத்துருவில் எழுத்துக்குப் பதில் சின்னச் சின்னப் படங்களாக இருக்கும். அதில் இந்தக் கட்டடமும் ஒன்று. அந்த மாதிரிப் பழைய படங்களைக் காப்பாற்றி வைக்க, 2014இல் வந்த யூனிகோட் 7.0 பதிப்பில் எல்லாவற்றுக்கும் நிரந்தர எண் கொடுத்தார்கள். உலகத்து எழுத்துகளுக்கும் படங்களுக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொதுப் பட்டியல்தான் யூனிகோட். இதற்குக் கிடைத்தது 1எஃப்3டிபி. நாம் எண்ணும் தசம முறையில் 127963. அடுத்த ஆண்டு, 2015இல், எமோஜி 1.0 பட்டியலில் சேர்ந்தது.

இந்தப் பிறப்புக் கதையால் ஒரு நடைமுறை விளைவு உண்டு. எழுத்துருப் படமாகப் பிறந்ததால், இதன் இயல்பான தோற்றம் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம். வண்ணத்தில் தெரிய வேண்டுமானால் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறி, எண் 65039, ஒட்டிக்கொண்டு வர வேண்டும். கீபோர்டில் தட்டும்போது அது தானாகச் சேர்ந்துவிடும். வேறெங்கோ இருந்து காப்பி செய்து ஒட்டும்போது அது உதிர்ந்துபோனால் சில திரைகளில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

மூன்றாம் படி: உலகம் இதை எப்படிப் படிக்கிறது

கோயிலாகப் பிறந்த வடிவம் இது. ஆனால் இன்று உலகில் பெரும்பாலானவர்கள் இதைக் கோயிலாகப் படிப்பதில்லை. கிரேக்கரிடமிருந்து ரோமானியர் எடுத்துக்கொண்டார்கள். பல நூற்றாண்டு கழித்து ஐரோப்பியர் மறுபடி கையில் எடுத்து நீதிமன்றம், வங்கி, அருங்காட்சியகம், பல்கலைக்கழகம் என்று எல்லாவற்றுக்கும் அதே முகப்பை வைத்தார்கள். ‘நாங்கள் பழமையானவர்கள், உறுதியானவர்கள், எங்களை நம்பலாம்’ என்று கட்டடமே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். யுனெஸ்கோவின் சின்னத்தைப் பாருங்கள். முக்கோணக் கூரைக்குக் கீழே அதன் பெயரின் ஆறு எழுத்துகளே தூண்களாக நிற்கும்.

தமிழ்நாட்டில் இந்த வடிவத்தை நேரில் பார்க்க விரும்பினால் சென்னை ராஜாஜி ஹாலுக்குப் போங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1802இல் கட்டி முடித்தது. கிரேக்கக் கோயிலை மனதில் வைத்துக் கட்டிய மண்டபம். அங்கே போகாதவர்களும் அதன் படிக்கட்டையும் வெள்ளைத் தூண்களையும் டிவியில் பார்த்திருப்பார்கள். அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் என்று தலைவர்களுக்கு மக்கள் கடைசியாக அஞ்சலி செலுத்திய இடம் அது. பெரியப்பாவிடம் இந்த எமோஜியை விளக்கும்போது ராஜாஜி ஹாலைத்தான் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்.

ஆக, இன்று இந்தப் படத்துக்குப் பொருள் இவைதான்: அருங்காட்சியகம், வரலாறு, தொல்லியல், அரசு, நாடாளுமன்றம், சட்டமன்றம், நீதிமன்றம், பழைய கிரேக்கம், ரோம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அரசியலமைப்புக் குறிப்புகளுக்கு மேல் இதைப் போடுவதைப் பார்க்கலாம். சரியான பயன்பாடு. டெல்லியின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்திலும் வெளிச்சுற்றில் 144 தூண்கள் இருக்கின்றன, வட்ட வடிவில்.

வங்கிக்கு மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. பணம் அனுப்பும் செயலிகளில் வங்கிக் கணக்கு என்ற இடத்தில் பெரும்பாலும் தூண் வைத்த கட்டடம்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் 🏛️ என்றால் வங்கி என்றே படிப்பார்கள். ஆனால் வங்கிக்கு 🏦 என்று தனி எமோஜி 2010 முதலே இருக்கிறது. பணம் தொடர்பான செய்தியில் அதையே போடுங்கள்.

நான்காம் படி: நம் கரையில் எந்த இடத்துக்கு எந்தப் படம்

எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. ராமநாதபுரம் கடற்கரையில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அரண்மனையும் இடிபாடும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் 🏛️ போட்டுவிட்டால் ஒன்றுமே சொல்லாத மாதிரி ஆகிவிடும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. அந்த இடத்துக்கு இன்று ஜனங்கள் கும்பிடப் போகிறார்களா, பார்த்துத் தெரிந்துகொள்ளப் போகிறார்களா? பார்த்துத் தெரிந்துகொள்ளப் போகும் இடத்துக்கு 🏛️. கும்பிடும் இடத்துக்கு அதற்குரிய படம்.

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் இந்தப் படத்துக்குக் கச்சிதமான இடம். கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த கட்டடம், அவர் 1710 வரை ஆண்டவர். சுவரெல்லாம் ஓவியம். போர்க்களம், அரசரைச் சந்திக்க வந்த ஐரோப்பியர், ராமாயணக் காட்சிகள் என்று பார்த்து முடிக்க ஒரு காலைப்பொழுது போதாது. அங்கே கிரேக்க முக்கோணம் கிடையாது, ஆனாலும் அரசு, வரலாறு, அருங்காட்சி மூன்றும் ஒரே கூரையில் இருப்பதால் 🏛️ சரியாக உட்காருகிறது. பிள்ளைகளை அழைத்துப் போகும்போது 🏛️🎨 என்று போடுவேன்.

அழகன்குளம் இன்னும் சுவையானது. வைகை கடலைச் சேரும் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிற கடலோரக் கிராமம். 1986-87இல் தமிழக அரசுத் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. ரோமானியக் காசுகள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கப்பல் கீறிய ஒரு பானை ஓடும் கிடைத்தது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மது ஏற்றி வந்த கூர்முனைச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. ஆம்போரா என்று சொல்லும் அந்தச் சாடிக்கும் 🏺 என்று தனி எமோஜி உண்டு, 2015இல் வந்தது. தூண் வைத்துக் கோயில் கட்டியவர்களின் உலகத்துக்கும் நம் கரைக்கும் இருந்த வியாபாரத்துக்கு அந்த மண்ணே சாட்சி. சங்கப் பாட்டில் யவனர் என்று வருகிறவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். இன்று அழகன்குளத்தில் போய் நின்றால் கண்ணுக்குப் பெரிய கட்டடம் எதுவும் தெரியாது. ஆனாலும் இந்த மாவட்டத்தில் 🏛️🏺 என்று சேர்த்துப் போடுவதற்கு அதைவிடத் தகுதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

பேக்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவிடம் 2017 ஜூலை 27 அன்று திறந்தது. முகப்பை இந்தியா கேட் மாதிரியும் குவிமாடத்தைக் குடியரசுத் தலைவர் மாளிகை மாதிரியும் அமைத்திருக்கிறார்கள். தேசிய நினைவிடம் என்பதால் 🏛️ பொருந்தும். 🚀 சேர்த்தால் யாருக்கும் விளக்கமே தேவைப்படாது.

ராமேஸ்வரம் கோயில், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை மூன்றுக்கும் 🛕 போடுங்கள். இந்த எமோஜி 2019இல் யூனிகோட் 12.0 பதிப்பில்தான் வந்தது. ஆட்டோ 🛺, புடவை 🥻, அகல் விளக்கு 🪔 எல்லாம் கூடவே வந்தன. அதற்கு முன்பு கோயிலுக்குப் போட வேறு படம் இல்லாததால் பலர் 🏛️ போட்டுப் பழகினார்கள், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 🛕 படத்தில் இருப்பது பெரும்பாலும் வடநாட்டுச் சிகரம், நம் ராஜகோபுரம் இல்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு. இருந்தாலும் கோயில் என்ற பொருளை அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளிவாசலுக்குள் நுழைந்தால் கல் தூண் மண்டபம். திராவிடக் கட்டடக் கலையில் எழுப்பிய பள்ளிவாசல். தூண் வரிசையைப் பார்த்ததும் 🏛️ போடத் தோன்றும். போடாதீர்கள், அங்கே ஐந்து வேளையும் தொழுகை நடக்கிறது, 🕌 தான் மரியாதை. ஓரியூர் அருளானந்தர் தேவாலயத்துக்கும் அப்படியே, ⛪.

தனுஷ்கோடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு தொடங்கி 23 விடிவதற்குள் அடித்த புயலில் அந்த ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. இன்று அங்கே நிற்கிற சிதைந்த தேவாலயச் சுவருக்கு முன்னால் படம் எடுத்து 🏛️😍 என்று போடுகிறார்கள். போடுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை, ஏதோ புராதன இடிபாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவர் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ராஜ்ஜியத்தின் மிச்சம் கிடையாது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் இருக்கிறார்கள். நான் அந்த இடத்தைப் பற்றி எழுதும்போது ஆண்டையும் ஊர்ப் பெயரையும் மட்டும் எழுதுகிறேன், எமோஜி போடுவதில்லை.

கலெக்டர் ஆபீஸுக்கு 🏛️ போடலாம். நீதிமன்றத்துக்கு 🏛️⚖️. பாம்பன் பாலத்துக்கு 🌉. கல்யாண மண்டபத்துக்கு மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், 💒 கூட வேண்டாம், அதில் சிலுவையோ இதயமோ இருக்கும். மண்டபத்தின் பெயரையும் தெருவையும் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: எப்படித் தட்டுவது

போனில் கீபோர்டின் சிரிப்பு முகத்தைத் தொட்டு, பயணமும் இடங்களும் உள்ள பகுதிக்குப் போங்கள். யூனிகோட் வரிசையில் இது ஸ்டேடியம் 🏟️, கிரேன் நிற்கும் 🏗️ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தேடும் பெட்டி இருந்தால் கிளாசிக்கல் என்பதை ஆங்கில எழுத்தில் பாதி தட்டினாலே வந்துவிடும்.

அடிக்கடி தேவைப்படுகிறவர்கள் ஒரு குறுக்குவழி வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் கீபோர்டு அமைப்புகளில் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மெண்ட் இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஜிபோர்டில் பெர்சனல் டிக்ஷனரி இருக்கிறது. இரண்டிலும் ஒரு சின்னச் சொல்லுக்கு எதிரே 🏛️ என்று சேமித்துவிடலாம்.

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்துங்கள், எமோஜிப் பெட்டி திறக்கும். மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் இன்னொரு வழி: 1எஃப்3டிபி என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, உடனே ஆல்ட்டோடு எக்ஸ் அழுத்தினால் படமாக மாறிவிடும். இணையப் பக்கம் செய்கிறவர்கள் `🏛️` என்று எழுதலாம்.

ஆறாம் படி: வெறும் கட்டம் தெரிந்தால்

எங்கள் குழுவில் கீழக்கரையிலிருந்து ஒரு பெரியவர் இருக்கிறார். “நீங்க எப்பவும் ஏன் கடைசியில ஒரு காலி டப்பா போடுறீங்க?” என்று கேட்டார். அவருடைய பழைய போனில் இந்தப் படத்துக்கான எழுத்துரு இல்லை, அதனால் □ மட்டும் தெரிந்திருக்கிறது. அவர் போனைச் சரிசெய்ய நம்மால் முடியாது. அதனால் படம் இல்லாமலும் செய்தி முழுதாகப் புரிய வேண்டும்.

எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆங்கில எழுத்தில் மட்டும் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து பிடிக்கும். அதில் ஒரே ஒரு எமோஜி சேர்ந்தாலும் 70 ஆகக் குறைந்துவிடும், மீதி இரண்டாவது செய்தியாகப் போகும், காசும் இரண்டுக்கு. தமிழில் அனுப்பினால் ஏற்கெனவே 70 தான் கணக்கு, எமோஜியால் அது மாறாது. ஆனால் 🏛️ அதில் 3 இடத்தை எடுத்துக்கொள்ளும்.

உள்ளூர் வலைத்தளம் நடத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். தமிழ் எழுத்து நன்றாகச் சேமிக்கிற தளம் இந்தப் படத்தை மட்டும் துப்பிவிடலாம், அல்லது கேள்விக்குறியாக மாற்றிவிடலாம். காரணம் எளிது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட், 🏛 4 பைட். பல தளங்கள் தகவல்களைச் சேமிக்கப் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருளின் பழைய யூடிஎஃப்8 அமைப்பு 3 பைட்டோடு நின்றுவிடும். யூடிஎஃப்8எம்பி4 என்ற அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

ஏழாம் படி: செய்தியில் எந்த இடத்தில் வைப்பது

இடப் பெயரை முழுதாக எழுதிய பிறகு படத்தை வையுங்கள். பெயருக்குப் பதிலாக வைக்காதீர்கள். நான் பெரியப்பாவை அலையவிட்டது அங்கேதான். ‘மண்டபம்’ என்ற சொல் இரண்டு பக்கம் பார்த்தது, படமோ தவறான பக்கத்துக்குத் தள்ளிவிட்டது.

ஒரு செய்திக்கு ஒரு முறை போதும். பார்வை இல்லாத நண்பர்கள் டாக்பேக் போன்ற வசதியில் கேட்கும்போது, எமோஜியின் பெயரைப் போன் சத்தமாகப் படிக்கும். வரிசையாக ஆறு 🏛️ போட்டால், பல போன்களில் அந்தப் பெயரை ஆறு முறை கேட்டு முடித்த பிறகுதான் நேரமும் இடமும் அவர்கள் காதுக்கு வரும். அலங்காரத்துக்காக வரிக்கு வரி வைப்பதை நான் இதனாலேயே விட்டுவிட்டேன்.

அப்புறம், ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழோ தமிழ் எழுத்தோ, நேரத்துக்கும் எண்ணுக்கும் ஒட்டிப் படத்தை வைக்காதீர்கள். 🏛️10 என்று ஒட்டி நின்றால் சின்னத் திரையில் 10 கண்ணில் படாது.

அழகன்குளத்துக்குப் போனபோது நான் அனுப்பியது இது:

“சனி காலை 8 மணிக்கு ராமநாதபுரம் அரண்மனை வாசலில் கூடுகிறோம். அங்கிருந்து வேனில் அழகன்குளம் கிராமம். மதியச் சாப்பாடு கையில் எடுத்து வரவும், வெயில் இருக்கும், தொப்பியோ குடையோ அவசியம். 🏛️🏺”

கீழே அரண்மனை வாசலின் லொகேஷனையும் இணைத்தேன். பெரியப்பா அதற்குள் போன் போட்டுவிட்டார். “அரண்மனை வாசல்னா எந்த வாசல், பெரிய வாசல்தானே?” என்றார். ஆமாம் பெரியப்பா என்று சொல்லிவிட்டு, செய்தியில் ‘பெரிய வாசல்’ என்று திருத்தினேன்.